ஹியூஸ்டனிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்கு சாம் ஹியூஸ்டன் கதை சொல்வது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் பலவும் ஜூன் ஜூலையில்தான் கதவு திறக்கும். அமெரிக்காவில் அப்போதுதான் பள்ளிக்கூட விடுமுறை. எங்கள் வீட்டிலும் மகன் குடும்பம் ஹியூஸ்டனிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், பிள்ளைச் சத்தம் கேட்கும். பிள்ளையார்பட்டிக்குப் போவோம், குன்றக்குடிக்குப் போவோம், மருது பாண்டியர் கதை சொல்வோம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பேத்தியிடம், நீ இருக்கிற ஊருக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்டேன். "யாரோ ஒருத்தர் ஐயா, பார்க்ல குதிரை மேல இருப்பார்" என்றாள். ஹெர்மன் பூங்காவில் இருக்கிற சிலையைச் சொல்கிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ஊரில் வளர்கிறார்கள், பக்கத்திலேயே பியர்லேண்டில் மீனாட்சிக்குக் கோயில் இருக்கிறது, ஆனால் அந்தக் குதிரை மேல் இருக்கிற சாம் ஹியூஸ்டன் யார் என்று பிள்ளைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்தேன். அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் சொல்லிப் பார்த்து, எது பிள்ளைகள் மனசில் நிற்கிறது, எது நிற்காமல் போகிறது என்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வருஷம் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். நோட்டில் வருஷ வாரியாக எழுதி வைத்துக்கொண்டு 1793, 1807, 1813 என்று வாசித்தேன். 1823க்கு வருவதற்குள் சின்னவன் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டான். வருஷங்கள் வேண்டும்தான், ஆனால் பிள்ளை பிடித்துக்கொண்டு ஏற ஒரு கைப்பிடி வேண்டும். இந்த மனிதர் வாழ்க்கையில் அது இரண்டு நாற்காலி. அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களுக்கு, மக்கள் ஓட்டுப் போட்டு ஆளுநராக வந்தவர் இவர் ஒருவர்தான். டென்னசிக்கு ஒரு தடவை, டெக்சாஸுக்கு ஒரு தடவை. இரண்டு நாற்காலியையும் பாதியிலேயே விட்டு இறங்கினார். ஏன் இறங்கினார் என்று பிள்ளைகள் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக அதைச் சுற்றி வந்து உட்காரும். சண்டைக் கதையாக மட்டும் சொல்லாதீர்கள். சண்டை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

நாலு சாயங்காலம் போதும். வெயில் இறங்கியதும் வளவில் உட்காருங்கள். முதல் வேலை தரையில் வரைபடம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் ரொம்ப நல்லது, கட்டம் போட வேண்டிய அவசியமே இல்லை, ஒரு கல் நூறு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலமாவு காற்றில் பறந்துவிடும், சாக்கட்டியே சரி. கிழக்கே வர்ஜீனியாவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய மூன்று கல் தள்ளி டென்னசி மேரிவில், இன்னும் கொஞ்சம் மேற்கே நாஷ்வில், அங்கிருந்து நேர் மேற்கே ஐந்து கல் தள்ளி இன்றைய ஓக்லஹோமாவில் இருக்கிற போர்ட் கிப்சன், அதற்குக் கீழே தெற்கே நாலு கல் இறங்கினால் ஹியூஸ்டன். கடைசிப் புள்ளியை மட்டும் பிள்ளையையே வைக்கச் சொல்லுங்கள். டெக்சாஸ் முழுக்க வேறு நிறச் சாக்கட்டியால் வளைத்து, அந்தக் காலத்தில் இது மெக்சிகோவுக்குச் சொந்தமான நிலம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று குழம்பிப் போகும். பெயர்களை நாம் தமிழ் வாயில் சொல்லும்போது பிள்ளைகள் திருத்துவார்கள். திருத்தட்டும், அந்த இடத்தில் அவர்கள்தான் வாத்தியார்.

முதல் நாள் கதையைக் கடையில் ஆரம்பியுங்கள். 1793 மார்ச் 2ஆம் தேதி வர்ஜீனியாவில் பிறந்தவர், அப்பா இறந்ததும் அம்மா எலிசபெத் ஒன்பது பிள்ளைகளோடு மலை தாண்டி டென்னசிக்கு வந்தார், அண்ணன்மார் இவரை மேரிவில்லில் ஒரு கடையில் உட்கார வைத்தார்கள். இந்த இடத்தில் நம் வீட்டுக் கதை ஒன்றைச் செருகலாம். ரங்கூனில், பினாங்கில் வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்த சின்னப் பிள்ளைகள் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, என் ஐயாவே அப்படிப் போனவர்தான். அவர் கடையில் உட்கார்ந்தார், சாம் உட்காரவில்லை. பதினாறு வயதில் கடையை விட்டு ஆற்றைக் கடந்து செரோக்கிப் பூர்வகுடி மக்களோடு போய் வாழ ஆரம்பித்தார். ஊலூட்டெக்கா என்கிற தலைவர் இவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு ஒரு பெயரும் வைத்தார், அதற்கு அண்டங்காக்கை என்று அர்த்தம். பிள்ளைகள் சிரிப்பார்கள். அது அவர்களிடம் மரியாதையான பெயர் என்று சொல்லுங்கள், நம் வீட்டில் காக்கைக்கு வைத்துவிட்டுத்தானே நாம் சாப்பிடுகிறோம் என்றும் சொல்லுங்கள், புரிந்துவிடும். மூன்று வருஷம் அங்கே இருந்தார். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போன நம் ஆட்களுக்கு ஒரு கணக்குக்காலம் எவ்வளவோ அவ்வளவு.

அங்கே இருந்தபோது செரோக்கி நண்பர்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தே கடன் ஏறிவிட்டது. அந்தக் கடனை அடைக்க 1812இல் ஒரே அறை உள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் நடத்தினார். ஒரு பருவத்துக்கு எட்டு டாலர் சம்பளம், மூன்றில் ஒரு பங்கு ரொக்கம், ஒரு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு பருத்தித் துணி. செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், எங்கள் வீட்டில் இதைக் கேட்டதும் அடுப்படியிலிருந்து ஆட்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் மோதிரம். 1813இல் பட்டாளத்தில் சேரக் கிளம்பியபோது அம்மா கையில் ஒரு துப்பாக்கியும் ஒரு தங்க மோதிரமும் கொடுத்து அனுப்பினார். கோழையாகத் திரும்பி வந்தால் வீட்டுக் கதவு திறக்காது என்று சொல்லித்தான் அனுப்பினாராம். இங்கே உங்கள் விரலில் இருக்கிற மோதிரத்தைக் கழற்றிக் காட்டி, அந்த மோதிரத்தின் உள்பக்கம் ஒரே ஒரு சொல் பொறித்திருந்தது என்று சொல்லுங்கள். என்ன சொல் என்று சொல்லாதீர்கள். கெஞ்சினாலும் சொல்லாதீர்கள். நாலாம் நாள் வரைக்கும் அது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

முதல் நாள் ராத்திரி நிறுத்த வேண்டிய இடம் குதிரைலாட வளைவுச் சண்டை. 1814 மார்ச் 27, அலபாமாவில் டல்லபூசா ஆறு குதிரைலாடம் மாதிரி வளைகிற இடம். மஸ்கோகி என்கிற பூர்வகுடி மக்களில் சிவப்புத் தடிக்காரர்கள் என்று பெயர் பெற்றவர்கள் அந்த வளைவின் வாயில் மரக்கட்டைகளால் அரண் கட்டி உள்ளே இருந்தார்கள். எதிரே ஆண்ட்ரூ ஜாக்சன் படை. அரணில் ஏறிக் குதித்தவர்களில் சாமும் ஒருவர், தொடை மேல்பக்கத்தில் அம்பு பாய்ந்துவிட்டது. அதைப் பிடுங்கச் சொல்லி ஒரு துணை அதிகாரியைக் கேட்டார். முள் வைத்த அம்பு, இழுத்தால் வரவில்லை. மறுபடி இழுத்தும் வரவில்லை. இந்தத் தடவை பிடுங்கவில்லை என்றால் வெட்டிவிடுவேன் என்று வாளை ஓங்கியிருக்கிறார், அதற்கப்புறம் அம்பு சதையோடு வந்தது. ஜாக்சன் நேரில் வந்து, போதும், இனிமேல் சண்டைக்குப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். சாயங்காலம் தொண்டர் யாராவது முன்னால் வாருங்கள் என்றபோது மறுபடி போய், வலது தோளிலும் கையிலும் இரண்டு குண்டு வாங்கினார். பிழைக்க மாட்டார் என்று வைத்தியர்கள் ஒரு குண்டை எடுக்காமலேயே விட்டுவிட்டார்கள். பிழைத்தார். ஆனால் அந்தப் புண் சாகும் வரைக்கும் ஆறவில்லை. இதைச் சொல்லி முடித்த கையோடு அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்: அன்றைக்கு மஸ்கோகி மக்களில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள், செரோக்கிகள் ஜாக்சன் பக்கம் நின்று சண்டை போட்டார்கள், அதே ஜாக்சன் பின்னால் ஜனாதிபதியாகி 1830இல் பூர்வகுடிகளைக் கிழக்கிலிருந்து வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாள் முதல் பாதியை வேகமாக ஓட்டிவிடலாம். சட்டம் படித்தார், 1823இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினர், 1827இல் டென்னசி ஆளுநர். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல பேச்சு. 1829 ஜனவரியில் எலைசா ஆலன் என்கிற இளம்பெண்ணைக் கல்யாணம் செய்தார். பதினொரு வாரத்தில் அந்தப் பெண் அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். ஏப்ரலில் சாம் ஆளுநர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போனார். இதுதான் முதல் நாற்காலி. இந்த இடத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் கேட்பார்கள், அப்படி என்னதான் நடந்தது என்று. இருவரும் கடைசி வரைக்கும் வாய் திறக்கவில்லை. நீங்களாக ஒரு காரணம் கட்டிச் சொல்லாதீர்கள். ஊரே கேட்டும் அவர் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை, அதை மட்டும் சொல்லுங்கள்.

வரைபடத்தில் நாஷ்வில்லிலிருந்து போர்ட் கிப்சனுக்கு ஒரு கோடு இழுங்கள். சின்ன வயதில் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட அதே ஊலூட்டெக்கா அப்போது அந்தப் பக்கம் குடியேறியிருந்தார், சாம் அவரிடம்தான் போனார். செரோக்கிக் குடியுரிமை கிடைத்தது. டயானா ராஜர்ஸ் என்கிற செரோக்கிப் பெண்ணோடு அவர்கள் முறைப்படி குடும்பம் நடத்தினார், ஒரு வியாபாரக் கடை போட்டார். குடித்தார், ரொம்பவே குடித்தார். அண்டங்காக்கை என்று மரியாதையாகக் கூப்பிட்டவர்களே பெரிய குடிகாரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் பேத்திக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்ததே இந்த இடத்தில்தான்.

அப்புறம் வாஷிங்டனில் கைத்தடிச் சண்டை. 1832இல் ஸ்டான்பெரி என்கிற ஒஹையோ உறுப்பினர் சபையில் இவரைப் பற்றி ஊழல் புகார் பேசினார், இவர் தெருவில் அவரைப் பார்த்து ஹிக்கரி மரக் கைத்தடியால் அடித்தார், அவர் நீட்டிய கைத்துப்பாக்கி வெடிக்கவில்லை. சபையே விசாரணை நடத்திக் கண்டித்தது, நீதிமன்றம் 500 டாலர் அபராதம் போட்டது. சபை விசாரணையில் இவருக்காக வாதாடிய வக்கீல் யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் பாடுகிற தேசிய கீதத்தை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ. அந்த நிமிஷம் கதை அவர்கள் ஊர்க் கதையாக மாறிவிடும். அதே வருஷம் டிசம்பரில் செந்நதியைத் தாண்டி டெக்சாஸுக்குள் போனார் என்று சொல்லி நிறுத்துங்கள்.

மூன்றாம் நாள் சுவர்க் கடிகாரம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். முதலில் காரணம். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் மெக்சிகோ அரசுக்கும் பல விஷயங்களில் முட்டிக்கொண்டது, மத்தியில் அதிகாரத்தைக் குவித்த மெக்சிகோ ஜனாதிபதி சாண்டா அன்னா மேல் மெக்சிகோவின் மற்ற மாநிலங்களுக்கும் கோபம். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது, குடியேறியவர்களில் பலர் அடிமைகளோடு வந்து பருத்தி போட்டவர்கள், அவர்கள் 1836இல் எழுதிய அரசியல் சட்டம் அடிமை முறையைக் காப்பாற்றியது. 1836 மார்ச் 2, டெக்சாஸின் விடுதலை அறிக்கையில் சாம் கையெழுத்துப் போட்டார், அன்றைக்கு அவருக்கு 43ஆவது பிறந்தநாள். நாலு நாளில் டெக்சாஸ்காரர்கள் காத்து நின்ற அலமோ கோட்டை மெக்சிகோப் படையிடம் விழுந்தது. மாதக் கடைசியில் கோலியாட்டில் கைதிகளாக இருந்த டெக்சாஸ் ஆட்கள் 300 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

தளபதி சாம் என்ன செய்தார்? பின்வாங்கினார். ஒரு மாதத்துக்கு மேல் கிழக்கே கிழக்கே பின்வாங்கிக்கொண்டே இருந்தார், ஜனங்களும் வீட்டை விட்டு, மழையிலும் சேற்றிலும் வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். சொந்தப் படையே கோழை என்று பேசியது. 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தக் கதையை இங்கே சொல்லுங்கள். எது தூக்கினோம், எதைப் போட்டுவிட்டு வந்தோம் என்று என் ஐயா சொன்னதை நான் சொன்னேன், அதற்கப்புறம் டெக்சாஸ் சேறு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஏப்ரல் 21, சான் ஜசின்டோ. மத்தியானத்துக்கு மேல் மெக்சிகோப் படை ஓய்வில் இருக்கிற நேரம். தப்பிப் போகிற வழியில் இருந்த பாலத்தை முன்கூட்டியே உடைக்கச் சொல்லிவிட்டார், இரண்டு தரப்புக்கும் அதனால் வழி இல்லை. சுமார் 900 பேர் புல்வெளி வழியாகச் சத்தமில்லாமல் நடந்தார்கள். இப்போது கடிகாரத்தைக் காட்டிப் பெரிய முள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பியுங்கள்: சின்சினாட்டி மக்கள் அனுப்பிய இரட்டைச் சகோதரிகள் என்கிற இரண்டு பீரங்கி, சாமின் குதிரை அடிபட்டு விழுந்தது, இடது கணுக்காலில் குண்டு, இந்தப் படையில் ஹுவான் செகின் தலைமையில் மெக்சிகோ வம்சத்து டெக்சாஸ்காரர்களும் இருந்தார்கள். (உங்கள் பேரப்பிள்ளையின் வகுப்பில் அந்த வம்சத்துப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், செகின் பெயரை விட்டுவிடாதீர்கள்.) பதினெட்டு நிமிஷத்தில் சண்டை முடிந்தது. நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சண்டை முடிந்த பிறகும் கொலை முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள், ஓடினவர்களையும் கையைத் தூக்கினவர்களையும் கொன்றார்கள். மெக்சிகோ பக்கம் 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மறுநாள் சாம் ஓக் மரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். சாதாரணச் சிப்பாய் உடையில் ஒருவரைப் பிடித்து வருகிறார்கள், அவரைப் பார்த்ததும் மற்றக் கைதிகள் மரியாதை செய்ததால் குட்டு வெளிப்பட்டது, சாண்டா அன்னாவேதான். தூக்கில் போடு என்று படை கத்தியது. சாம் போடவில்லை. உயிரோடு இருக்கிற சாண்டா அன்னாதான் மற்ற மெக்சிகோப் படைகளைத் திரும்பிப் போகச் சொல்ல முடியும். இதைப் பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள், எங்கள் சின்னவன் சரியாகச் சொன்னான்.

அந்த ஆகஸ்டிலேயே ஆலன் சகோதரர்கள் இருவர், மனை வியாபாரிகள், பஃபலோ ஓடைக் கரையில் நிலம் வாங்கி ஊர் போட்டு, அப்போது எல்லார் வாயிலும் இருந்த பெயரை அதற்கு வைத்தார்கள். பிள்ளை வைத்த புள்ளியைத் தொட்டுக் காட்டுங்கள். ஊருக்குத் திரும்பினதும் சான் ஜசின்டோவில் இருக்கிற 567 அடி நினைவுத்தூணுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அப்பாவிடம் இப்போதே வாக்கு வாங்கிவிட வேண்டும்.

நாலாம் நாள் கனமான நாள், சீயமோ வெள்ளைப் பணியாரமோ செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். டெக்சாஸ் தனி நாடாக இருந்த காலத்தில் இரண்டு முறை ஜனாதிபதி. டெக்சாஸில் இருந்த செரோக்கிகளுக்கு நிலம் உறுதி செய்து 1836 பிப்ரவரியிலேயே ஒப்பந்தம் போட்டிருந்தார், டெக்சாஸ் செனட் அதை ரத்து செய்தது. அடுத்து வந்த லமார் ஆட்சியில் 1839இல் அவர்களைப் படை வைத்து விரட்டினார்கள். எண்பது வயதைத் தாண்டிய தலைவர் போல்ஸ், சாம் பரிசாகக் கொடுத்த வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு சண்டையில் இறந்தார்.

1840இல் அலபாமாவைச் சேர்ந்த மார்கரெட் லீயைக் கல்யாணம் செய்தார், எட்டுப் பிள்ளைகள், குடி நின்றது. டெக்சாஸ் 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்ததும் பதிமூன்று வருஷம் செனட்டர். செனட்டில் உட்கார்ந்து கத்தியால் மரத்துண்டைச் சீவிக்கொண்டே இருப்பார், சின்னச் சின்ன இதயங்கள் செதுக்கி மாடத்தில் இருக்கிற பெண்களுக்குக் கொடுப்பார். பிள்ளைகள் கையிலும் ஒரு மென்மையான மரத்துண்டைக் கொடுத்து உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள், கை வேலையாக இருந்தால் காது திறந்திருக்கும். 1854இல் கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் அடிமை முறை பரவ வழி செய்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார், தென்மாநிலச் செனட்டர்களில் அப்படிச் செய்தவர்கள் இரண்டே பேர்.

1859இல் டெக்சாஸ் ஆளுநர். 1861இல் டெக்சாஸ் அமெரிக்காவை விட்டுப் பிரிந்து தென்னகக் கூட்டமைப்பில் சேர்ந்தது, பதவியில் இருக்கிற எல்லாரும் புது அரசுக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். மார்ச் 16, அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மரம் சீவிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். மேலே வரவில்லை. பதவி போயிற்று. லிங்கன் படை அனுப்புகிறேன் என்றார், சொந்த ஜனங்கள் ரத்தம் சிந்த வேண்டாம் என்று அதையும் வேண்டாம் என்றார். இரண்டாவது நாற்காலி. இங்கே அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிள்ளைகள் தரையில் இருக்கிற நாஷ்வில் புள்ளியைப் பார்ப்பார்கள்.

உடனே இன்னொரு கேள்வி வரும், அப்படியானால் அவர் அடிமை முறைக்கு எதிரியா ஐயா என்று. இல்லை. அவரே அடிமைகளை வைத்திருந்தவர். நாடு உடையக்கூடாது என்பதற்காகத்தான் பதவியை விட்டார். இதை மழுப்பிச் சொன்னால் நீங்கள் முதல் மூன்று நாள் சொன்னதும் கெட்டுப்போகும். ஜோஷுவா ஹியூஸ்டன் கதையைச் சொல்லுங்கள். அந்த வீட்டில் அடிமையாக இருந்த கொல்லர், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர், விடுதலைக்குப் பிறகு ஹண்ட்ஸ்வில் ஊரில் நகரசபை உறுப்பினராகவும் வாக்கர் கவுண்டி ஆணையராகவும் ஆனார். ஹியூஸ்டன் என்கிற பெயர் அவருக்கும் உரியது.

கடைசியாக மோதிரம். 1863 ஜூலை 26, ஹண்ட்ஸ்வில்லில் நீராவிக் கப்பல் மாதிரி கட்டிய ஒரு வாடகை வீட்டில் சாம் இறந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது, அவர் வேண்டாம் என்று சொன்ன போரில் மூத்த மகன் தென்னகப் படையில் சேர்ந்து ஷைலோ சண்டையில் காயம்பட்டு வந்திருந்தான். மார்கரெட் அவர் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, உள்பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஐம்பது வருஷமாக விரலில் கிடந்த சொல். எங்கள் வீட்டில் ஹானர் (Honor) என்கிற அந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னதும் பேத்தி, தமிழில் என்ன என்று கேட்டாள். மானம் என்றேன். சாக்கட்டியை எடுத்து, ஹண்ட்ஸ்வில் என்று குறித்திருந்த கல்லில் எழுத்துக்கூட்டி எழுதினாள். மறுநாள் காலையில் வளவு கழுவ வந்தபோது அந்த ஒரு கல்லை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.